டாக்டரம்மா போட்ட கோடு

அக்காள்மடம்
6.1.2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சவேரியார் எழுதிக்கொள்வது. இங்கு நான், கிறிஸ்டினா, மகள் ஆஸ்லின், கடையிலிருக்கிற கருவாடு, அனைவரும் நலம். அங்கு நீயும் மடத்துச் சகோதரிகளும் நலமா? இந்தக் கடிதத்தை உனக்கு முன்பே பிரித்துப் படிக்கப்போகும் மதர் அவர்களுக்கும் என் ஸ்தோத்திரம். மதர், ஊர்ப்பேச்சு ஆகாது என்றால் மூன்றாவது பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஆகும் என்றால் நேரே அங்கேயே போய்விடுங்கள்.

நம் ஊர் அக்காள்மடத்தில் மட்டுமல்ல, இந்தத் தீவிலேயே இன்னமும் இன்லாண்டு லெட்டர் வாங்குகிற ஆள் நான் ஒருவன்தான் என்று தபால்காரர் மதார் சிரிக்கிறார். நான் என்ன செய்ய? கூடப்பிறந்தவள் கதவடைத்த மடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். போன் கிடையாது. சாவு விழுந்தால் மட்டும் மதருக்குப் போன் போட்டுச் சொல்லலாம். மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடத்தில் முடிக்கிற வம்பை உனக்காக நான் ஒரு வாரம் தபாலில் ஊற வைக்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சகாயவினோத்தின் கல்யாணம் நின்றுவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை. பெண்ணின் தாய்மாமன் டீக்கடைக்கு வந்தார். மாப்பிள்ளையின் அம்மா காலில் ஏதோ கட்டுப் போட்டிருக்கிறதே, என்னது என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "யானைக்கால்னு சொல்ல முடியாது. ஆனா பூனைக்காலும் இல்ல" என்றேன். சிரிப்பதற்காகச் சொன்னது. கடையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பாக்கு வெற்றிலை திரும்பி வந்துவிட்டது. என் வாயும் என் சரக்கு மாதிரிதான் அக்கா, எவ்வளவு மூடி வைத்தாலும் வாசம் வெளியே போய்விடுகிறது.

நம் ஆஸ்லினுக்கும் ஓர் இடம் வந்திருக்கிறது. மூக்கையூர் பையன், பெயர் ஜோஸ்வா, சொந்தப் படகு. அவன் அம்மா சந்தியம்மாள்தான் அந்த வீட்டில் எல்லாம். அந்தம்மா பெண்ணைப் பார்ப்பதில்லையாம், பெண்ணைப் பெற்றவளைத்தான் பார்ப்பாராம். தாய் எப்படியோ மகள் அப்படி என்று கணக்கு. ஆக, கிறிஸ்டினாவைத்தான் இப்போது மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட வேண்டும். இருபத்தாறு வருடம் கழித்து அவளை மறுபடி பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன். ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

தம்பி,
சவேரியார்

*

மடம்
19.1.2025

அன்புள்ள தம்பிக்கு, அக்கா ஜோதிமேரி. ஆண்டவர் கிருபையில் நலம். உங்கள் நலத்துக்கு ஜெபிக்கிறேன்.

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது மதர் முகத்தைக் கடுமையாக வைத்திருந்தார்கள். அதற்குச் சற்று முன் அவர்கள் அறையிலிருந்து வந்த சிரிப்பைத் தோட்டத்தில் இருந்த எல்லோரும் கேட்டோம். அதனால் உன்னைத் திட்டுகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

அந்த அம்மாவின் காலில் என்ன என்று உனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைச் சொல்லி ஒரு கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறாய். சின்ன வயதிலும் நீ இப்படித்தான். கரைவலையில் பேத்தை மீன் வந்தால் குச்சியால் குத்திக் குத்தி உப்ப வைப்பாய். அது பந்து மாதிரி ஆனதும் ஊரைக் கூட்டிச் சிரிப்பாய். அது மூச்சுக்குத் திணறுகிறது என்று நான் சொன்னால், அதுவும் சிரிக்கிறது என்பாய்.

அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேள். சந்தியம்மாள் வருவதற்கு முன்பே கேள். கிறிஸ்டினா இன்னும் கடலில் பாசி எடுக்கப் போகிறாளா? சர்க்கரை உள்ள உடம்பு, பாறையில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம் என்று சொல்.

அக்கா,
ஜோதிமேரி

*

அக்காள்மடம்
24.2.2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சவேரியார். இங்கு கிறிஸ்டினாவின் வலது கால் நீங்கலாக அனைவரும் நலம். மதருக்கு வணக்கம். அன்று சிரித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை, மதாரிடம் மட்டும் சொன்னேன்.

நீ சொன்ன வீட்டுக்குப் போனேன். வாசல்வரை போனேன். நாய் படுத்திருந்தது.

கிறிஸ்டினா பாசிக்குப் போன இடத்தில் சுண்டுவிரல் இடுக்கைப் பாறை கிழித்துவிட்டது. அரிசி அளவுக் கீறல். மஞ்சள் வைத்தாள், ஆறின மாதிரி இருந்தது. இப்போது மூன்று நாளாகப் புறங்காலில் தொடங்கிக் கெண்டைக்கால்வரை சிவந்து, வீங்கி, எண்ணெய் தடவினதுபோல் பளபளக்கிறது. தொட்டால் தோசைக்கல். சாயங்காலமானால் குளிர் நடுக்கம். இடது கால் ஒல்லியான ஊளி மீன், வலது கால் நீ சொன்ன பேத்தை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எந்தக் கால் எந்த ஆளுக்குச் சொந்தம் என்று குழப்பமாகிவிடுகிறது. இதை அவளிடமே சொன்னேன். காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சந்தியம்மாள் மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை வருகிறார். தவக்காலம் என்பதால் நிச்சயமெல்லாம் ஈஸ்டருக்கு அப்புறம்தான். இது பார்த்துவிட்டுப் போகிற வருகை. எனக்கு இப்போது ஒரே ஒரு பயம். இந்தக் காலை எவனாவது பார்த்து, டீக்கடையில் எவனாவது கேட்டு, இன்னொருவன் "யானைக்கால்னு சொல்ல முடியாது" என்று ஆரம்பித்தால்? அந்த இன்னொருவன் எப்படிச் சொல்வான் என்று எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும்.

அதனால் கிறிஸ்டினாவை வெளியே விடுவதில்லை. கோயிலில் கேட்டவர்களிடம் சளி என்று சொல்லியிருக்கிறேன். சளிக்கு யாரும் சம்பந்தத்தை நிறுத்துவதில்லை.

தம்பி,
சவேரியார்

*

மடம்
1.3.2025

அன்புள்ள தம்பிக்கு, அக்கா. இங்கு நலம். இந்தமுறை மதர் சிரிக்கவில்லை. இன்றே பதில் எழுது என்று சொல்லி எனக்குத் தோட்டவேலையிலிருந்து விடுப்புக் கொடுத்தார்கள். கவனமாகப் படி.

எங்கள் சமையற்கட்டுச் சகோதரி பெர்னதெத்துக்கு இதே கால் வந்தது. பெயர் செல்லுலைட்டிஸ். தோலில் சின்ன வெடிப்பு இருந்தால் போதும், அது வழியாகக் கிருமி இறங்கித் தோலுக்கு அடியில் பரவும். யானைக்கால் இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுகிறதும் இல்லை. வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. டாக்டர் தருகிற மாத்திரையை அவர் சொன்ன நாள்வரை விழுங்க வேண்டும். வீக்கம் வடிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. காலைத் தூக்கி வைத்திருக்க வேண்டும், தொங்கப்போட்டு நிற்கவே கூடாது. பெர்னதெத்துக்குச் சிவப்பின் ஓரத்தை ஒட்டிப் பேனாவால் கோடு போட்டார்கள். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினாலோ காய்ச்சல் நடுக்கினாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுத்து நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். விட்டால் ரத்தத்தில் கலந்துவிடும். காலையும் கொண்டுபோகும், ஆளையும் கொண்டுபோகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அவகாசம் குறைவு.

பெர்னதெத் சாகவில்லை. நன்றாக இருக்கிறார். வந்த காலில் திரும்பவும் வரும் என்பதால் பூசையில்கூட முக்காலி போட்டுக் காலை அதன்மேல் நீட்டிக்கொண்டுதான் உட்காருகிறார். யாரும் அதைக் குற்றமாக எடுப்பதில்லை.

புதன்கிழமை விபூதிப் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர்வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. வருவது எல்லாம் பிரிக்காமல் பெட்டியில் கிடக்கும். இதை எழுதி முடித்தால் அவ்வளவுதான், பிறகு நான் உன்னிடம் ஒன்றும் சொல்ல முடியாது. கிறிஸ்டினாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

அக்கா,
ஜோதிமேரி

*

அக்காள்மடம்
8.3.2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி. இங்கு ஏறக்குறைய அனைவரும் நலம். நீ இதை ஈஸ்டருக்குத்தான் படிப்பாய் என்று தெரியும். ஆனாலும் எழுதாமல் இருந்தால் எனக்கு வயிறு உப்பிவிடும். மதரும் இப்போது பிரிக்க மாட்டார் என்பதால் தாராளமாக எழுதலாம்.

டாக்டரிடம் போகாத ஆள் இல்லை நான். உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டேன். உள்ளூரில் காட்டினால் மருந்து வாங்குவதற்குள் ஊர் சேதியை வாங்கிவிடும். அதனால் பாலம் தாண்டி ராமநாதபுரத்துக்கே கூட்டிப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. பார்த்தவுடன் நீ சொன்ன அதே பெயரைச் சொன்னார். பெரிய மார்க்கர் பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரமெல்லாம் கோடு போட்டார். இந்தக் கோட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள், கூட்டி வாருங்கள் என்றார்.

கோடு என்றதும் எனக்கு வாய் நிற்குமா? "நம்ம ஊருக் காலு டாக்டரம்மா, எல்லை தாண்டாம இருக்குமா?" என்றேன். கடலில் கோட்டைத் தாண்டி இலங்கைக்காரனிடம் மாட்டாத வீடு நம் தீவில் எது? மருந்து கட்டுகிற பையன் சிரித்தான், வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை, படிப்பு அதிகம். கிறிஸ்டினாவும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள்.

மாத்திரை உள்ளே போனதும் சிவப்பு சொன்ன பேச்சுக் கேட்டது. கோட்டைவிட்டு உள்ளே வந்துவிட்டது. காய்ச்சலும் இல்லை. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். குறைந்த வியாதிக்கு எதற்கு என்று மீதியை எடுத்து அலமாரியில் வைத்தேன். மறுநாள் உன் கடிதம் வந்தது, நிறுத்தக் கூடாது என்று. நீ எழுதியதை எல்லாம் செய்கிறவனாக இருந்தால் நான் எப்போதோ சாமியாராகியிருப்பேன்.

வீட்டுக்கு வெள்ளையடிப்பு நடக்கிறது. கிறிஸ்டினா நின்று பார்த்துக்கொள்கிறாள். நிற்கக் கூடாதுதான். உட்கார்ந்தால் வேலையாட்கள் காலைப் பார்ப்பார்கள்.

தம்பி,
சவேரியார்

*

அக்காள்மடம்
14.3.2025

அன்புள்ள அக்காவுக்கு, இங்கு அனைவரும் நலம் என்று எழுதிவிடுகிறேன். நீ படிக்கிற நேரத்தில் அது உண்மையாகியிருக்கும்.

சிவப்பு திரும்பி வந்தது. கோட்டைத் தாண்டிவிட்டது. முட்டியைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். இன்றே கூட்டி வந்து படுக்க வையுங்கள் என்றார். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ராமநாதபுரத்தில் நம் தீவுக்காரன் ஒருத்தனாவது படுத்திருக்காத ஆஸ்பத்திரி உண்டா? வெள்ளிக்கிழமை படுக்க வைத்தால் சனிக்கிழமை மூக்கையூருக்குச் சேதி போய்விடும்.

கிறிஸ்டினா ஒரே ஒரு தடவை கேட்டாள். "போயிட்டு வந்துருவோமேங்க. அவுக இன்னொரு ஞாயித்துக்கெழம வந்தா என்ன?"

"ஞாயித்துக்கெழம முடியட்டும்" என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.

சும்மா இருந்துவிடவில்லை அக்கா, மருத்துவம் பார்த்தேன். கமுதியிலிருந்து வத்தல் கொண்டுவருகிற நாகநாதன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இது அக்கி, இதற்கு இங்கிலீஷ் மருந்து கொடுத்தால் உள்ளே ஓடிவிடும், அக்கி எழுதுங்கள் என்றான். அவனே அந்தப் பக்கத்திலிருந்து அக்கி எழுதுகிற மலையாண்டி வேளாரைக் கூட்டி வந்தான். மதர் இந்த இடத்தைப் படிக்க வேண்டாம். வேளார் செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, கால் முழுவதும் பூசி, நடுவில் ஒரு சிங்கம் எழுதினார். முதலில் அது நாய் என்று நினைத்தேன். பிடரி வைத்த பிறகுதான் தெரிந்தது. வால் முட்டிவரை போகிறது. காய்ந்ததும் உதிராமல் இருக்கத் தண்ணீர் படக் கூடாது, குளிக்கக் கூடாது, தொடக் கூடாது.

ஒரு பெரிய சௌகரியம் சொல்லவா? சிவப்புக்கு மேல் சிவப்புப் பூசினால் எது எங்கே நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? டாக்டரம்மாவின் கோடும் அடியில் போய்விட்டது. இத்தனை நாளும் எழுந்தவுடன் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பேன். இன்றைக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. நிம்மதியாக இருக்கிறது.

தம்பி,
சவேரியார்

*

அக்காள்மடம்
17.3.2025

அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலம், நலம். முடிந்தது! ஆஸ்லினுக்கு மூக்கையூர்தான்.

சந்தியம்மாளைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வந்தார். நல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னொரு நாற்காலி கொண்டுவாருங்கள் என்றார். யாருக்கோ என்று கொண்டுபோய்ப் போட்டேன். செருப்பைக் கழற்றினார், வலது காலைத் தூக்கி அந்த நாற்காலியில் நீட்டினார். என்ன ஒரு ராங்கி! பெண் வீட்டில் வந்து காலை நீட்டிக்கொண்டு, கொலுவில் உட்கார்ந்த மகாராணி மாதிரி. ஆஸ்லின் காபி கொடுத்தபோதும் இறக்கவில்லை, சாப்பிடும்போதும் இறக்கவில்லை. இந்தக் காலை வைத்து ஒரு மாதத்துக்கு டீக்கடையில் பேசலாம். சம்பந்தியாகப் போகிறதால் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கிறிஸ்டினா காலையிலிருந்து அடுப்படியில் நின்றாள். சீலா வறுவல், நண்டுக் குழம்பு. சந்தியம்மாள் இரண்டு தடவை, "நீங்களும் இங்கன வந்து உக்காருங்க மதினி" என்றார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்திருக்கும்போது சேலை விலகும். நான் குறுக்கே விழுந்து, இவளுக்கு உட்கார்ந்தால்தான் மேல்வலி வரும், உழைத்தே பழகின உடம்பு என்றேன். அந்தம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. தாயே இப்படி என்றால் மகளைப் பார்க்கவே வேண்டாம் என்றார்.

புறப்படும்போது ஒரு கண்டம். சந்தியம்மாள் கிறிஸ்டினாவின் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை.

"கை என்ன மதினி இப்படிச் சுடுது?"

கிறிஸ்டினா என்னைப் பார்த்தாள். "அடுப்படியிலயே நின்னவ கை சுடாம ஐஸாவா இருக்கும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கார் போய்விட்டது.

கிறிஸ்டினா நேற்றுச் சாயங்காலம் படுத்தவள். அலுப்பு. நான் எழுப்பவில்லை.

தம்பி,
சவேரியார்

*

ராமநாதபுரம்
27.3.2025

அக்காவுக்கு, தம்பி. கிறிஸ்டினா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அன்று உனக்கு எழுதிய கடிதத்தை மதாரிடம் கொடுத்துவிட்டு வருவதற்குள் ஆஸ்லின் 108-க்குப் போன் போட்டுவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. இங்கே வந்து ஆபரேஷன் ஆயிற்று. நல்லபடியாக முடிந்ததாகச் சொன்னார்கள்.

ஊரில் கேட்பவர்களிடம் திருக்கை மீன் அடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். பெரிய திருக்கை. ஒவ்வொரு ஆள் கேட்கும்போதும் கொஞ்சம் வளர்கிறது.

அவளை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஒரு செருப்பு கீழே விழுந்துவிட்டது. வலது கால் செருப்பு. போய்த் தேடி வருகிறேன் என்றேன். ஆஸ்லின் வேண்டாம் என்றாள்.

சவேரியார்

*

மடம்
21.4.2025

அன்புள்ள தம்பிக்கு, அக்கா. உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

நேற்றுப் பூசை முடிந்ததும் மதர் உன் நான்கு கடிதங்களையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தார்கள். ஈஸ்டர் பரிசு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு கொடுத்தார்கள். தேதி வரிசையில் படித்தேன். சாப்பாட்டு மணி அடித்தது, போகவில்லை. பிறகு பெட்டி வைத்திருக்கும் அறைக்குப் போய்ப் பார்த்தேன். என் கட்டிலிலிருந்து அது பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். நீ அக்கி எழுதியதும், அவள் நின்றதும், ஆம்புலன்ஸும் அங்கேதான் கிடந்திருக்கின்றன. நான் அந்த வழியாகத்தான் தினமும் ஜெபத்துக்குப் போய் வந்தேன்.

ஒன்று கேட்கிறேன். சந்தியம்மாள் நீட்டியிருந்த காலை நீ பார்த்தாயா? ராங்கியைத்தான் பார்த்தாய். காலைப் பார்த்தாயா? கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்துத் தடித்திருந்ததா? பெர்னதெத் எப்படி உட்காருகிறார் என்று உனக்கு எழுதியிருந்தேனே. ஒரு நாற்காலியில் உடம்பு, இன்னொன்றில் கால். உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மா உன் வீட்டில் உட்கார்ந்து, தன் காலில் இருப்பதை இரண்டு மணி நேரம் உனக்கே காட்டியிருக்கிறார். நீ உன் பெண்டாட்டியின் காலை அவரிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தாய்.

என்ன ஆபரேஷன் என்று நீ எழுதவில்லை. எழுத வேண்டாம். கிறிஸ்டினாவை எழுதச் சொல்.

அக்கா,
ஜோதிமேரி

*

அக்காள்மடம்
2.5.2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி. நலம். கல்யாணம் ஜூன் 2, திங்கட்கிழமை. மாப்பிள்ளை வீட்டாருக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. படகுகளுக்குத் தடைக்காலம், கருவாட்டுக்கு நல்ல விலை. மதர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்டினா எழுதுவதாகத்தான் இருந்தாள். கை வலி.

சவேரியார்

*

மடம்
9.5.2025

தம்பிக்கு. காலில் வந்த வியாதிக்குக் கை எதற்கு வலிக்கிறது? பேனாவை அவளிடம் கொடு.

ஜோதிமேரி

*

அக்காள்மடம்
10.6.2025

அன்புள்ள மதினிக்கு, கிறிஸ்டினா எழுதுவது. நான் எட்டாவது வரைதான் படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். நல்லபடியாக முடிந்தது. இங்கு நான் நலம். என்னோடு இப்போது இருக்கிற அளவுக்கு நான் நலம்.

ஆஸ்பத்திரியில் முதலில் காலைக் கழுவினார்கள். இரண்டு வாளித் தண்ணீர் செங்காவியாகவே போனது. சிங்கம் போனது, வால் போனது. அடியில் டாக்டரம்மா போட்ட கோடு அழியாமல் அப்படியே இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் கறுப்பு, அந்தப் பக்கம் தொடைவரை சிவப்பு. கழுவின நர்ஸ் பிள்ளை, யாரம்மா இதன்மேல் பூசினது என்று கேட்டது. உங்கள் தம்பி பக்கத்தில்தான் நின்றார். எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பார் என்று பார்த்தேன். தண்ணீர் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

சந்தியம்மாள் மதினி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். திருக்கை அடித்ததாக நம்பித்தான் வந்தார்கள். இவர் அவர்களிடமும் அந்தத் திருக்கையை எடுத்துவிட்டார். அதற்கு அப்போது ஏழடி ஆகிவிட்டது. நான் நிறுத்தச் சொல்லிவிட்டு, நடந்ததைச் சொன்னேன். அவர்கள் சேலையை முட்டிவரை தூக்கிக் காட்டினார்கள். நீங்கள் எழுதிய மாதிரியேதான் இருந்தது.

"எனக்கு வருசம் தவறாம வருது மதினி. சின்னப்பிள்ளைக்குச் சளி புடிக்கிற மாதிரி. மாத்திரைய எப்பவும் பையிலதான் வச்சிருக்கேன், அன்னைக்கும் வச்சிருந்தேன். கை சுடுதேன்னு கேட்டேனே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

நான் எங்கே சொல்வது? எனக்குப் பதிலாகத்தான் அவர் சொல்லிவிட்டாரே, எல்லோரும் சிரித்தும் முடித்துவிட்டார்களே.

வெட்டிய காலை நம் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். அவர்தான் கொண்டுபோனார். துணி சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாராம். கல்லறைத் திருநாளுக்கு அதற்கும் ஒரு மெழுகுதிரி ஏற்ற வேண்டும், வருசா வருசம் ஏற்ற வேண்டும், நீங்கதான் ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றார். இப்போதெல்லாம் எதற்கும் சரி என்றுதான் சொல்கிறார். வாய் ஒடுங்கிவிட்டது. டீக்கடைக்குப் போவதில்லை.

ஆனால் வீட்டில் பேச்சு குறையவில்லை மதினி. கல்யாண வீடு, யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். வந்தவர்கள் காலைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். அவர் திருக்கையை எடுப்பதற்கு முன் நான் ஆரம்பித்துவிடுகிறேன். ஊளி மீனில் தொடங்கி, பேத்தை, சளி, நாயா சிங்கமா என்கிற சந்தேகம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து கேட்டதில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று எனக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சகாயவினோத்தின் அம்மாவைத்தான் முதல் ஆளாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அன்று அவர்கள் கட்டியிருந்தது சுடுகஞ்சி கொட்டின புண்ணாம். என் கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அவர்தான் எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

டாக்டரம்மா கோடு போட்ட இடம் வந்ததும் மட்டும் நான் நிறுத்திவிடுவேன். அந்த இடத்தில் இவர் ஒன்று சொன்னார், அதை இவர் சொன்னால்தான் நன்றாக இருக்கும் என்று அவரைக் காட்டுவேன். எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொல்வார், "நம்ம ஊருக் காலு டாக்டரம்மா, எல்லை தாண்டாம இருக்குமா?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அடங்கினதும் நான் மேலே சொல்வேன்.

அடுத்த தவக்காலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை நீங்கள் எழுதலாம். இனிமேல் கடிதம் என் பேருக்கு வரட்டும். மதருக்கு என் வணக்கம். அவர்கள் சிரித்தால் எனக்கு வருத்தம் இல்லை.

இப்படிக்கு,
கிறிஸ்டினா